லண்டனில் பிறந்த குழந்தைக்கு பிரிட்டிஷ் குடியுரிமை தானாகக் கிடைக்குமா?

“நாங்கள் இருவரும் வேலை விசாவில் இருக்கிறோம். மகள் லண்டனில் பிறந்தாள். பிறப்புச் சான்றிதழை வைத்து பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு முடியாது. அந்தச் சான்றிதழ் பிறந்த இடத்தைத்தான் சொல்லும், குடியுரிமையை அல்ல. அந்த மண்ணில் பிறந்தாலே போதும் என்ற பொதுவிதி 1982 டிசம்பரோடு போய்விட்டது. 1983 ஜனவரி 1 முதல், குழந்தை பிறக்கும்போது பெற்றோரில் ஒருவராவது பிரிட்டிஷ் குடியுரிமையோ நிரந்தரமாகத் தங்கும் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும்.

ஆனால் வழி இருக்கிறது. உங்களில் ஒருவருக்கு நிரந்தர அனுமதி கிடைத்ததும், மகளுக்கு 18 வயது ஆகுமுன் அவளைக் குடிமகளாகப் பதிவு செய்யலாம். விண்ணப்பித்தே ஆக வேண்டும், கட்டணமும் லேசுப்பட்டதல்ல.

அது அமையாவிட்டாலும், பிறந்தது முதல் 10 வயது வரை அங்கேயே வளர்ந்த குழந்தைக்குக் குடியுரிமைக்குப் பதிவு செய்துகொள்ளத் தனி உரிமை உண்டு. எந்த ஆண்டிலும் 90 நாளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்திருக்கக் கூடாது என்பது பொது விதி. தாத்தா பாட்டியிடம் ஆறு மாதம் விட்டுவைப்பது இங்கேதான் இடிக்கும். தடுப்பூசிப் பதிவு, பள்ளிக் கடிதங்களைப் பத்திரமாக வையுங்கள்.

பெரியவர்கள் பிரிட்டிஷ் குடியுரிமை பெறப் பொதுவாக ஐந்தாண்டு வாசம், அதில் வெளிநாட்டில் 450 நாளுக்கு மிகாமை, நிரந்தர அனுமதி பெற்று ஓராண்டு, ஆங்கிலத் தகுதி, பிரிட்டன் வாழ்க்கை பற்றிய 24 கேள்வித் தேர்வில் தேர்ச்சி எல்லாம் வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் ஒன்றை யோசித்துக்கொள்ள வேண்டும்: பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும்.