பழுத்தும் சாயாத கோதுமை

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகனுக்குப் பதினொரு வயது. ஒரு வருடமாக மைன்கிராஃப்ட் விளையாடுகிறான். கட்டை கட்டையாக வீடு கட்டும் விளையாட்டுதானே என்று விட்டிருந்தேன். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அவன் என் அப்பாவிடம், “தாத்தா, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை வேற பயிர் போடுங்க, சீக்கிரம் வளரும்” என்றான். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஊடுபயிரை இவ்வளவு சின்ன வயதில் ஒரு விளையாட்டு சொல்லித் தந்திருக்கிறதே என்று எனக்கும் வியப்பு. தண்ணீர் நான்கு கட்டைக்குள் இருக்க வேண்டும், வெளிச்சம் 9 வேண்டும் என்று எல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறான்.

என் கேள்வி இதுதான். அடுத்த தலைமுறையை மண்ணுக்குத் திருப்ப இத்தகைய விளையாட்டுகளைப் பயன்படுத்த முடியுமா? நான் பள்ளி ஆசிரியன், வகுப்பிலேயே கொண்டுவரலாமா என்று யோசிக்கிறேன். ஒரே உறுத்தல், எலும்புத் தூளைப் போட்டால் பயிர் நொடியில் வளர்ந்துவிடுகிறது. ரசாயன உர மனநிலையைக் குழந்தைகளிடம் இது விதைக்காதா? கண் கெட்டுவிடும் என்று மனைவி வேறு தினமும் சண்டை.

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

கண் விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள். அதில் எனக்குக் கருத்து இல்லை.

எலும்புத் தூளை யூரியாவாகப் பார்த்த முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அது எலும்பு, ஐயா. இரவில் வில்லோடு வரும் எலும்புக்கூட்டை அடித்துக் கொன்று, அதன் எலும்பை இடித்து எடுப்பது. மிஞ்சிய விதையையும் செடியையும் மட்கு தொட்டியில் போட்டாலும் கிடைக்கும். உங்கள் பையன் செய்வது முழு இயற்கை விவசாயம். நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஊடுபயிர் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. பையன் மேல் இல்லை. அவன் விளையாட்டின் விதியைச் சரியாகச் சொல்லியிருக்கிறான். ஒரே பயிர் நெடுக்கிலும் குறுக்கிலும் ஒட்டி நின்றாலோ, மூலைவாட்டில் இருந்தாலோ வளரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். வரிசை மாற்றிப் போட்டால் அந்தக் குறை இல்லை. ஆனால் அடுத்த வரிசையில் எதுவுமே நடாமல் வெறும் ஈர நிலமாக விட்டாலும் இதே பலன்தான் என்று அவன் சொல்லியிருப்பானே? நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். கேரட்டுக்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கு போட்டாலும் சரிதான். ஊடுபயிர் என்றால் தழைச்சத்தை மண்ணில் நிறுத்தும் உளுந்து, துவரை என்று ஏதாவது வர வேண்டாமா? மைன்கிராஃப்டில் உளுந்தே கிடையாது. அது வயலை ஒரே பயிரால் அடைத்துவிடாமல் தடுக்க ஒரு நிரலாளர் போட்ட கணக்கு. அந்தக் கணக்கில் நீங்கள் உங்கள் கனவை ஊற்றிவிட்டு, பையனைக் காரணம் காட்டுகிறீர்கள். வாத்தியார்களுக்கு இந்த நோய் சீக்கிரம் வரும். நானும் இரண்டு வருடம் வாத்தியாராக இருந்தவன்தான்.

இவ்வளவு தெரிந்து பேசுகிறேன் என்றால் காரணம் என் அக்கா மகள். பன்னிரண்டு வயது. போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் மூன்று மாதம் இருந்தாள். என்னை உட்காரவைத்து அவள் பாடம் எடுத்தாள், நான் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டேன். அந்த விளையாட்டில் நொடிக்கு 20 துடிப்பு. நிலம் 16க்கு 16க்கு 16 என்று 4,096 கட்டைகள் கொண்ட பெட்டிகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் மூன்று கட்டைகளைக் குருட்டாம்போக்கில் தொடுகிறது விளையாட்டு. இது கணினியில் ஓடும் ஜாவா பதிப்பின் கணக்கு. அப்படிப் பார்த்தால் ஒரு குறிப்பிட்ட செடியின் முறை சராசரியாக 68 நொடிக்கு ஒருமுறை வரும். வந்தாலும் உடனே வளர்ந்துவிடாது, சீட்டுக் குலுக்க வேண்டும். மண் ஈரமாக, சுற்றியுள்ள எட்டுக் கட்டையும் ஈர நிலமாக, வரிசை மாறி இருந்தால் மூன்றில் ஒரு வாய்ப்பு. அடர்த்தியாக ஒரே கோதுமையைக் கொட்டியிருந்தால் ஆறில் ஒன்று. விதையிலிருந்து முற்றிய கதிர்வரை ஏழு தாவல். நல்ல வயலில் உத்தேசமாக 24 நிமிடம் ஆகும், அவசரக்காரன் வயலில் அதைப் போல இரண்டு மடங்கு.

நடுவில் ஒரு கட்டைத் தண்ணீர் வைத்தால் சுற்றி 80 கட்டை நிலம் நனையும். கரும்புக்கு வெளிச்சம் வேண்டாம், காலடியில் தண்ணீர் ஒட்டியிருந்தால் போதும். கள்ளிக்கு நான்கு பக்கமும் காலியாக இருக்க வேண்டும், சுவர் ஒட்டினால் உடைந்துவிடும். இதெல்லாம் உங்கள் பையனுக்குத் தெரியும்.

அவள் சொன்னவற்றில் இரண்டு என்னை விடவில்லை.

ஒன்று, நீங்கள் வயலைவிட்டுத் தூரமாகப் போய்விட்டால் பயிர் வளராது. அதற்கு ஓர் எல்லைத் தூரம் உண்டு. அதைத் தாண்டிச் சுரங்கம் தோண்டப் போனால் இங்கே நாற்று அப்படியே நிற்கும். வாடவும் வாடாது. கட்டிலில் படுத்து இரவைக் கடத்தினால் சூரியன் தாவி வந்துவிடும், பயிர் ஒரு படிகூட நகராது. (திருக்குறளின் உழவு அதிகாரத்தைத் தூக்கிக்கொண்டு யாராவது மறு கடிதம் எழுதுவீர்கள் என்று தெரியும். வேண்டாம். அங்கே உடையவன் போகாவிட்டால் நிலம் கோபித்துக்கொள்ளும். இங்கே அதற்குக் கோபமே வராது. இரண்டும் ஒன்றல்ல.)

இரண்டாவது, முற்றிய கோதுமை முற்றியபடியே நிற்கும். ஏழாவது தாவல் முடிந்தால் கதை முடிந்தது. நாளைக்கு அறுக்கலாம், ஆறு மாதம் கழித்து அறுக்கலாம். சாயாது. உதிராது. மழையில் நனைந்தாலும் அழுகாது. கேரட்டை மட்டும் முயல் வந்து கடிக்கும், அவ்வளவுதான். அறுத்துப் பெட்டியில் போட்டால் எத்தனை வருடமானாலும் பூஞ்சை பிடிக்காது.

இருபது நிமிடத்தில் பயிர் விளைகிறது, இதென்ன விவசாயம் என்று பெரியவர்கள் சிரிக்கிறார்கள். நான் அதற்குச் சிரிக்க மாட்டேன். நூற்றுப் பத்து நாளை இருபத்து நான்கு நிமிடமாகச் சுருக்குவது கதை சொல்கிறவன் செய்கிற வேலை, நானும் அதைத்தான் செய்து பிழைக்கிறேன். பொய் வேறு இடத்தில் இருக்கிறது. விவசாயி காத்திருக்கிறவன் என்று உலகம் நினைக்கிறது. விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் கிழவன் படம் எல்லா நாள்காட்டியிலும் உண்டு. எங்கள் வீட்டில் நான் பார்த்தது வேறு. கதிர் பச்சையாக இருக்கும்வரை அப்பா மனுஷனாக இருப்பார். சினிமாவுக்குக்கூடப் போவார். கதிர் மஞ்சளாகத் திரும்பியதும் அவருக்குத் தூக்கம் போய்விடும். நூற்றில் எண்பது மணி மஞ்சளானால் அறுக்கலாம் என்பது கணக்கு, அதற்குப் பத்து நாள் முன்பே வயலில் தண்ணீரை வடித்துவிட வேண்டும். அதன் பிறகு இருக்கிற சில நாளைத்தான் ஐயா விவசாயம் என்பேன். பதறுவதுதான் அங்கே வேலை.

மேட்டூர் அணையைத் தாமதமாகத் திறந்த ஒரு வருடம். திறக்க வேண்டிய ஜூன் 12 தப்பினால் டெல்டாவில் எல்லாம் தள்ளிக்கொண்டே போகும். குறுவை நெல் அறுப்பு ஐப்பசியில் வந்து முட்டும், ஐப்பசி அடைமழையோடு வரும். எங்களுக்கு இரண்டு ஏக்கர். சேற்றில் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது, செயின் வண்டிதான் வேண்டும். புரோக்கர் ‘நாளைக்கு’ என்றார். மறுநாளும் ‘நாளைக்கு’ என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, சுற்றுப்பட்டில் அத்தனை பேருக்கும் அதே மூன்று நாளில்தான் அறுப்பு. மூன்றாம் நாள் இரவு மழை பிடித்தது. நான்கு நாள் விடவில்லை.

குறுவை ரகங்களுக்கு உறக்கம் குறைவு. அறுத்த நெல் சில வாரம் முளைக்காமல் தூங்கும் குணம் இருக்கிறதே, அது எங்கள் ரகத்தில் இல்லை. சாய்ந்து தண்ணீரில் கிடந்த கதிரை அப்பா தூக்கிக் காட்டினார். ஒவ்வொரு நெல்மணியும் வெள்ளையாக முளை விட்டிருந்தது. கதிரிலேயே. பல் முளைத்த குழந்தை மாதிரி என்று அப்போது எனக்குத் தோன்றியது. அதை எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன், பிரசுரமானது. அப்பா படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்த உவமையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. வாத்துக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு வயலைத் திறந்துவிட்டார் அப்பா. இரண்டு ஏக்கரையும் வாத்து மேய்ந்தது. அந்த வாரம் முழுவதும் வீட்டில் முட்டைக் குழம்பு.

இதை நான் எந்தக் குழந்தைக்கும் விளையாட்டில் சொல்லித்தர வேண்டும் என்று கேட்கவில்லை. நீங்கள் அப்படிப் புரிந்துகொண்டு, மைன்கிராஃப்டில் புயல் சேதம் சேர்க்க வேண்டும் என்று வகுப்பில் பேசிவிடாதீர்கள். பயிர் அழுகும் விளையாட்டை எந்தக் குழந்தை தொடும்? பெரியவர்களே தொடவில்லையே. ‘அடுத்த தலைமுறையை மண்ணுக்குத் திருப்ப’ என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் நாம் திரும்பினோமா? நீங்கள் பள்ளிக்கூடம் போனீர்கள், நான் பேனாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த எல்லையைத் தாண்டி எவ்வளவோ தூரம் வந்துவிட்டோம். நாம் விட்டுவந்த நிலம் நமக்காக அப்படியே நிற்கும் என்றுதான் நாமும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பதினொரு வயதுப் பையனுக்கு அந்த மயக்கம் இல்லை. அது விளையாட்டு என்று அவனுக்குத் தெரியும்.

வகுப்பில் கொண்டுவருவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிகழ்தகவு நடத்துங்கள். மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்று பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

அப்பா இப்போது அதிகம் நடமாடுவதில்லை. அக்கா மகள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் டேப்லெட்டை அவர் கட்டிலுக்குக் கொண்டுபோய்த் தன் வயலைக் காட்டினாள். வந்த புதிதில் போட்ட கோதுமை, வீடு கட்டும் மும்முரத்தில் அறுக்காமலே விட்டிருந்தாள். பழுப்பேறி நின்றது. நான் வாசலில் நின்று பார்த்தேன்.

“அறுப்பு எப்பம்மா?”

“எப்ப வேணாலும் தாத்தா.”

அவருக்கு அது பிடிபடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் பார்த்தார். அந்த நேரம் பார்த்து விளையாட்டுக்குள் மழை தொடங்கியது. நீலக் கோடுகள் கோதுமை மேல் இறங்கின.

“தண்ணிய வடிச்சு விட்டாச்சா?” என்றார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் அவர் கதிரைத் தொட்டுப் பார்க்க விரலை வைத்து அழுத்திவிட்டார். ஒரு செடி உடைந்து, ஒரு கோதுமையும் இரண்டு விதையும் மண்ணில் விழுந்து மிதந்தன. அப்பா பதறிக் கையை எடுத்துக்கொண்டார்.

“பரவால்ல தாத்தா, அது பழுத்ததுதான்” என்றாள்.

அன்புடன்,
ஆசிரியர்