நுகர்வோர் கேள்வி-பதில்: உப்புக் காற்றும் கேரவன் ஜாக்கிகளும்

கேள்வி: வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியபின், குடும்பத்துடன் பயணம் செய்வதற்காக ஒரு கேரவன் வண்டி வாங்கினேன். நிறுத்தும் இடத்தில் வண்டியை மட்டப்படுத்த அதில் நான்கு ஹைட்ராலிக் ஜாக்கிகள் உள்ளன. கடற்கரையை ஒட்டிய என் வீட்டில் மழைக்காலம் முழுவதும் ஜாக்கிகளை இறக்கியே வைத்திருந்தேன். இப்போது பின்பக்க இடது ஜாக்கி மட்டும் மேலே ஏறவில்லை. அதனடியில் ஆயில் கசிவும் தெரிகிறது. நான்கு ஜாக்கிகளையும் பம்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்கிறார்கள் பட்டறையில். அது சரிதானா? – ஒரு வாசகர், குளச்சல்

பதில்: தாங்கள் தந்துள்ள விவரங்களைக் கொண்டு பார்த்தால், மொத்தமாக மாற்றுவதற்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. பம்பும் மோட்டாரும் ஆயில் தொட்டியும் நான்கு ஜாக்கிகளுக்கும் பொதுவானவை என்பதால், அவற்றில் பழுது இருந்தால் நான்குமே தகராறு செய்திருக்கும். மூன்று ஒழுங்காக இயங்கி ஒன்று மட்டும் நிற்கிறது என்றால், அந்த ஜாக்கியின் தண்டு, ஸ்பிரிங், ஹோஸ், அதற்குரிய வால்வு ஆகியவற்றுக்குள்தான் பழுதைத் தேட வேண்டும்.

பெரும்பாலான கேரவன்களில் ஜாக்கியைக் கீழே தள்ளுவது ஆயிலின் அழுத்தம். மேலே இழுப்பது ஸ்பிரிங். மேலேற்றும் சுவிட்சை அழுத்தினால் வால்வு திறந்து, ஸ்பிரிங்கின் இழுவையில் ஆயில் தொட்டிக்குத் திரும்பும். மின்சாரம் வராத வேளையில் வால்வைக் கையால் திறப்பதற்கென்று ஒரு திருகும் பொதுவாக இருக்கும். அதைத் திறந்ததும் ஜாக்கி ஏறிவிட்டால் பழுது வால்வின் மின் இணைப்பிலோ காயிலிலோ இருக்கிறது. அது சிறிய செலவு. திறந்தும் ஏறவில்லையெனில் தண்டு துருப்பிடித்து இறுகியிருக்கலாம், அல்லது மாதக்கணக்கில் இழுபட்டே நின்ற ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். இந்தச் சோதனையின்போது வண்டி சட்டென்று இறங்கக்கூடும் என்பதால் அடியில் யாரும் இருக்கலாகாது. ஜாக்கிகளை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுப்பது எந்த நிலையிலும் கூடாது. அவை மட்டப்படுத்துவதற்கே அன்றி, பழுதுபார்ப்பதற்காக வண்டியைத் தாங்கி நிற்பதற்கு அல்ல.

கசிவைப் பொறுத்தவரை, சீல் கிட் (தண்டைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கும் வளையங்கள்) மாற்றுவதற்குப் பணம் கொடுக்கும் முன் தண்டை நன்றாகத் துடைத்துவிட்டு, வண்டி ஓடாமலும் பம்ப் இயங்காமலும் இருக்கும்போது, அதன்மீது விரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். உப்புக் காற்று குரோம் பூச்சைத் துளைத்துச் சிறு குழிகளை உண்டாக்கியிருந்தால் நகம் தட்டும். அப்படிப்பட்ட தண்டில் புதிய சீல் போடுவது வீண். குழியின் விளிம்பு சில நாட்களிலேயே அதை அறுத்துவிடும். தண்டுக்கு மீண்டும் குரோம் பூச வேண்டும், அல்லது அந்த ஒரு சிலிண்டரை மாற்ற வேண்டும். தண்டு வழவழப்பாக இருந்தால், ஜேசிபிக்கும் டிப்பர் லாரிக்கும் சிலிண்டர் வேலை செய்யும் பட்டறையிலேயே சீல் மாற்றிக்கொள்ளலாம். இதற்கென்று தூரதேசத்திலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. அழுத்தம் இருக்கும்போது கசியும் இடத்தைக் கையால் தடவாதீர்கள். ஊசித்துளை வழியே பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஓர் அட்டைத் துண்டைக் காட்டிப் பார்த்தால் போதும்.

வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன், எந்தப் பாகம் எதனால் பழுது என்பதை எழுத்துமூலம் மதிப்பீடாகக் கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் திரும்பத் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் பட்டறையை நான் நம்பமாட்டேன். பணம் கொடுத்தபின் சேவையில் குறை இருந்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். பட்டறை வேறு மாவட்டத்தில் இருந்தாலும், தாங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் செய்ய இச்சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் கட்டணம் இல்லை. அதற்கு முன்பாக 1915 என்ற உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம்.

இனி ஜாக்கிகளை இறக்கி நிறுத்த நேர்ந்தால், கடலோரத்தில் 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை தண்டைத் துடைத்து சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். கிரீஸ் வேண்டாம், மணலும் தூசியும் அதில் ஒட்டிக்கொண்டு சீலைத் தேய்க்கும். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழைகளும் பெய்வதால், வண்டி சும்மா நிற்கும் மாதங்களில் ஜாக்கிகளை மேலேற்றியே வைப்பதுதான் என் கருத்து.

கேள்வி: சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதற்காக ஒரு பழைய கேரவன் வாங்க எண்ணுகிறேன். ஜாக்கிகளில் எதைப் பார்க்க வேண்டும்? – ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: நான்கையும் முழுவதுமாக இறக்கச் செய்து, ஒரு மணி நேரமாவது அப்படியே விட்டுப் பாருங்கள். ஏதேனும் ஒரு மூலை தானாகத் தாழ்ந்தால் சீலிலோ வால்விலோ கசிவு உண்டு. தண்டு வளைந்திருந்தால், ஜாக்கி கீழே இருக்கும்போதே யாரோ வண்டியை நகர்த்தியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த அடி சேசிஸில் பொருத்திய இடத்தையும் தாக்கியிருக்கும் என்பதால் அங்குள்ள வெல்டிங்கைப் பார்க்க வேண்டும். ஜாக்கி இறங்கியிருப்பதை ஓட்டுநருக்கு உணர்த்தும் எச்சரிக்கை ஒலி வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். ஆயில் அளவை ஜாக்கிகள் அனைத்தும் மேலேறிய நிலையில்தான் பார்க்க வேண்டும். இறங்கிய நிலையில் பார்த்துத் தொட்டியை நிரப்பினால் மேலேற்றும்போது வழியும். பல தயாரிப்புகளுக்கு ஏடிஎஃப் எனப்படும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். பிரேக் ஆயிலை யாரேனும் ஊற்றியிருந்தால் சீல்கள் உப்பிக் கெட்டிருக்கும்.

தங்கள் சொந்த உழைப்பில், பிழைப்புக்காகவே நடத்தும் தொழில் என்றால் சட்டம் தங்களை நுகர்வோராகவே கருதும். ஆனால் வண்டி விற்பனையைத் தொழிலாகக் கொள்ளாத தனிநபரிடம் வாங்கினால், பின்னர் நுகர்வோர் ஆணையத்தை நாடுவது கடினம்.

கேள்வி: பேச்சிப்பாறைப் பக்கம் சரிவில் நிறுத்தியபோது, மட்டப்படுத்துகையில் பின்சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பின. ஜாக்கிகளும் மிக மெதுவாகவே நகர்ந்தன. இதில் ஆபத்து உண்டா? – ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: உண்டு. கைப்பிரேக் பொதுவாகப் பின்சக்கரங்களையே பிடிக்கிறது. அவை அந்தரத்தில் நின்றால் வண்டியைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. சமமான வேறு இடம் பாருங்கள். கிடைக்காவிட்டால் தாழ்ந்த பக்கச் சக்கரங்களை முதலில் கனத்த பலகையில் ஏற்றி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தபின் ஜாக்கியை இறக்குங்கள். மழையில் நனைந்த செம்மண்ணில் ஜாக்கியின் பாதத்துக்கடியிலும் பலகை வேண்டும். நான்கும் ஒருசேர மெதுவாக நகர்வது பெரும்பாலும் பேட்டரிக் குறைவே. 12 வோல்ட் மோட்டார் பளு ஏறும்போது நூறு ஆம்பியர் அளவுக்குக்கூட மின்சாரம் இழுக்கும். இன்ஜினை ஓடவிட்டு மீண்டும் இயக்கிப் பாருங்கள். வேகம் கூடாவிட்டால் பேட்டரி முனைகளையும் எர்த் வயரையும் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.