தைவானுக்கு வரலாமா, போர் வந்துவிடுமா?

தம்பி, ஷின்ச்சுவில் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் சீனா எப்போது வேண்டுமானாலும் படையெடுக்கும் என்று டிவியில் கேட்டதிலிருந்து அம்மா விடமாட்டேன் என்கிறார், துணிந்து வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே சாப்பாடு, குளிர், உதவித்தொகை பற்றியும். அதெல்லாம் சமாளித்துவிடலாம். சைவச் சாப்பாட்டுக் கடைகள் இங்கே நிறைய உண்டு. ஷின்ச்சுவில் குளிரைவிடக் காற்றுதான் படுத்தும். சிக்கனமாக இருந்தால் உதவித்தொகையில் மாதத்தை ஓட்டிவிடலாம். அம்மாவின் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

நான் வந்த காலத்தில் இதைக் கேட்க எனக்கு ஆள் இல்லை. தைவான் அலுவலகம் சென்னையில் திறந்ததே 2012இல்தான். அதற்கு முன் வந்த நாங்கள் விசாவுக்கும் சான்றிதழ் முத்திரைக்கும் டெல்லிக்கு ரயிலேறினோம். விடுதி அறை தயார் என்று சொல்லிப் பணம் வாங்கிய ஏஜென்ட், நான் தைப்பேயில் இறங்கிய பிறகு போனையே எடுக்கவில்லை. ஆய்வகத்தில் இருந்த ஒரு சீனியர் அக்காவின் அறைத் தரையில் பாய் விரித்துப் படுத்தேன். தேசிய மருத்துவக் காப்பீடு ஆறு மாதம் தங்கிய பிறகுதான் கிடைக்கும் என்பதும் காய்ச்சலோடு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றபோதுதான் தெரிந்தது. அதனால் முதல் ஆறு மாதத்துக்குத் தனியாக ஒரு காப்பீடு எடுத்துக்கொண்டு வாருங்கள்.

தூதரகம் என்று எழுதாமல் அலுவலகம் என்று எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? உங்கள் பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது. இந்தியாவுக்கும் தைவானுக்கும் முறைப்படியான தூதரக உறவு கிடையாது. 1950லிருந்தே நமக்கு பெய்ஜிங்கோடுதான், அதாவது மக்கள் சீன அரசோடுதான் உறவு. 1971இல் ஐ.நா.விலும், அதுவரை தைவான் அரசு வைத்திருந்த சீனாவின் இடம் பெய்ஜிங்குக்குப் போனது. 1979இல் அமெரிக்காவும் அந்தப் பக்கம் போய்விட்டது. தைப்பேயில் நமக்கு இருப்பது 1995இல் தொடங்கிய இந்தியா-தைப்பே சங்கம். பாஸ்போர்ட் புதுப்பிப்பது முதல் எல்லா வேலையும் அங்கே நடக்கும், நல்லபடியாகவே நடக்கும். ஆனால் பெரிய நெருக்கடி என்று வந்தால் ஒரு முழுத் தூதரகத்துக்கு உள்ள பலம் அதற்கு இருக்குமா என்பதை யோசித்துக்கொள்ள வேண்டும். வந்த முதல் வாரத்திலேயே உங்கள் பெயரையும் முகவரியையும் அங்கே பதிவு செய்துவிடுங்கள். பல வருடம் இங்கே இருந்தும் இதைச் செய்யாத நம்மவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, போர் வருமா? என் கணிப்பைச் சொல்கிறேன். நாளைக்கே படகில் வந்து இறங்க மாட்டார்கள். சீனாவுக்கும் தைவானுக்கும் நடுவே உள்ள நீரிணை மிகக் குறுகிய இடத்திலேயே ஏறக்குறைய 130 கிலோமீட்டர். வருடத்தில் பல மாதங்கள் கடல் கொந்தளிக்கும். பெரும்படை இறங்கத் தோதான கடற்கரைகளும் குறைவு. அதற்காக, வரவே வராது என்று சத்தியம் செய்கிறவரையும் நம்ப வேண்டாம். அமெரிக்கா வந்து காப்பாற்றிவிடும் என்பார்கள். 1979ஆம் ஆண்டு தைவான் உறவுச் சட்டம், தைவான் தன்னைக் காத்துக்கொள்ள ஆயுதம் தருவதைப் பற்றித்தான் பேசுகிறது. படை அனுப்புவோம் என்ற உறுதி அதில் கிடையாது. வேண்டுமென்றேதான் அதைத் தெளிவில்லாமல் வைத்திருக்கிறார்கள்.

இங்கே விவரம் தெரிந்தவர்கள் படையெடுப்பைவிட முற்றுகையை நினைத்துத்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். தைவானின் எரிசக்தியில் 95 சதவீதத்துக்கு மேல் கப்பலில் வருகிறது. இயற்கை எரிவாயு இருப்பு இரண்டு வாரத்துக்குக்கூடத் தாங்காது. 2025 மே மாதத்தில் கடைசி அணு உலையையும் நிறுத்திவிட்டார்கள். 2023 பிப்ரவரியில், சீனக் கரையை ஒட்டித் தைவான் வசமிருக்கும் மாட்சு தீவுகளுக்குப் போகும் இரண்டு கடலடி இணையக் கேபிள்கள் அடுத்தடுத்து அறுந்தன. சீனக் கப்பல்கள் அறுத்ததாகத் தைவான் தரப்பு சொன்னது. அங்கே வாரக்கணக்கில் மக்கள் இணையத்துக்குத் தவித்தார்கள். ஒரு குண்டுகூட வெடிக்காமலே ஒரு தீவை இப்படி நெருக்க முடியும். நீங்கள் இங்கே வந்து வாழப்போவது இந்த நெருக்கடிக்குள்தான். அம்மா நினைக்கிற மாதிரியான போருக்குள் இல்லை.

2022 ஆகஸ்ட் 2ஆம் தேதி இரவு, அப்போது அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் தலைவராக இருந்த நான்சி பெலோசி தைப்பேயில் இறங்கினார். 4ஆம் தேதி சீனா தீவைச் சுற்றி ஆறு இடங்களில் நிஜக் குண்டுகளோடு பயிற்சி தொடங்கியது. ஏவுகணைகளில் நான்கு தைவானுக்கு மேலாகவே பறந்ததாக ஜப்பான் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. அவை காற்று மண்டலத்துக்கு மேலே போனதால் ஆபத்தில்லை என்று இங்கே சைரன்கூட ஒலிக்கவில்லை. சில செவன் இலெவன் கடைகளின் திரைகளில் யாரோ ஊடுருவி பெலோசியைத் திட்டும் வாசகங்களை ஓடவிட்டார்கள். அவ்வளவுதான் நாங்கள் பார்த்தது. நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததுதான் பெரிய கூத்து. எங்கோ, எப்போதோ எடுத்த வெடிகுண்டு வீடியோக்களைத் தைவான் என்று சொல்லிப் பரப்பினார்கள். இங்கே வருடக்கணக்காக இருக்கும் ஒருவரே, எல்லாரும் கிளம்புங்கள் என்று புதுப் பிள்ளைகளை மிரட்டினார். கண்டபடி விலை கொடுத்து டிக்கெட் எடுத்துப் போன இரண்டு பேருக்குப் பருவப் பதிவு தவறிப்போனது. மிரட்டிய மனிதர் இங்கேயேதான் இருந்தார். தைவான் பாதுகாப்பு அமைச்சகம் எத்தனை சீன விமானம், எத்தனை கப்பல் வந்தது என்று தினமும் காலையில் கணக்கு வெளியிடுகிறது. அதைப் பாருங்கள், குழுவைப் பார்க்காதீர்கள். அந்த எண்ணிக்கையும் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். அதை வைத்துப் பெட்டி கட்டத் தேவையில்லை.

பெட்டி கட்ட வேண்டிய நாள் எப்படித் தெரியும்? இதற்குத்தான் நான் சீன மொழியைப் படியுங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொள்கிறேன். ஐந்து வருடம் இருந்து பட்டம் வாங்கி, பேருந்து ஓட்டுநரிடம் ஒரு வாக்கியம் பேசத் தெரியாமல் அமெரிக்காவுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். ஆய்வகத்தில் ஆங்கிலம் போதும் என்பார்கள். ஆபத்து வந்தால் ஆய்வகத்தின் ஆங்கிலமா ஒலிபெருக்கியில் வரும்? நான் இரவு வகுப்பில் சேர்ந்து, சாலையில் தெரிந்த ஒவ்வொரு பலகையையும் எழுத்துக்கூட்டிப் படித்துப் பழகினேன். இன்று வீட்டுச் சொந்தக்காரரோடு வாடகை ஒப்பந்தத்தை வரிக்கு வரி பேசி முடிக்கிறேன். அதில் எனக்குப் பெருமை உண்டு.

எங்கள் கட்டடத்தின் நிலவறை வாசலில், ஸ்கூட்டர் நிறுத்தும் சரிவுக்குப் பக்கத்தில், மஞ்சள் நிறத் தகடு ஒன்று ஒட்டியிருக்கிறது. வான்தாக்குதல் தஞ்சமிடம், இத்தனை பேர் கொள்ளும், இந்தக் காவல் நிலையத்தின் பொறுப்பு என்று அதில் இருக்கும். தினமும் அதைத் தாண்டிப் போகும் நம்மவர்கள் அது வாகனம் நிறுத்தும் விதி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் குடியேறும் இடத்தில் முதலில் அந்தத் தகட்டைத் தேடுங்கள். கோடையில் வான்பாதுகாப்பு ஒத்திகை நடக்கும். மதியம் சைரன் ஒலித்ததும் அரை மணி நேரம் தெரு காலியாகிவிடும், வண்டிகள் ஓரம் கட்டும். வேடிக்கை பார்க்க வெளியே நிற்காதீர்கள். சட்டப்படி 30,000 தைவான் டாலரிலிருந்து அபராதம் உண்டு.

2022இல் உக்ரைனிலிருந்து நம் மாணவர்களை ஆபரேஷன் கங்கா என்று அரசு மீட்டதைச் சொல்லி, இங்கேயும் அப்படி வந்து கூட்டிப்போவார்கள் என்று சிலர் தைரியம் சொல்வார்கள். அந்தப் பிள்ளைகள் போலந்துக்கும் ருமேனியாவுக்கும் ஹங்கேரிக்கும் தரை வழியாக எல்லை கடந்து போய் விமானம் ஏறினார்கள். இது தீவு. விமான நிலையம் மூடினால் நடந்து போக எல்லை இல்லை. ஆகவே, பல்கலைக்கழகமோ அரசோ விருப்பமுள்ளவர்கள் கிளம்பலாம் என்று சொல்லும் நிலை வந்தால், ஆய்வறிக்கை பாதியில் நிற்கிறதே என்று பார்க்காமல் முதல் விமானத்தில் ஏறுங்கள். அதுவரை கதவுக்குப் பக்கத்தில் ஒரு முதுகுப்பை தயாராக இருக்கட்டும். பாஸ்போர்ட் நகல், குடியிருப்பு அட்டை நகல், தண்ணீர், டார்ச், பவர் பேங்க், மாத்திரை, கையில் கொஞ்சம் ரொக்கம். ஏடிஎம் இயங்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். நிலநடுக்கத்துக்கும் அதே பைதான். 2024 ஏப்ரல் 3ஆம் தேதி காலை ஹுவாலியன் பக்கம் 7.2 அளவில் குலுங்கியபோது என் வீட்டில் அலமாரியே நகர்ந்தது. போரைவிட முதலில் நீங்கள் சந்திக்கப்போவது நிலநடுக்கத்தைத்தான்.

இன்னொரு எச்சரிக்கை, அதுவும் உங்கள் படிப்பைப் பொறுத்து. உங்கள் துறை சிப் சார்ந்ததாக இருந்தால், பெரிய நாடுகளின் போட்டி நேராக உங்கள் மேஜைக்கே வந்துவிடும். 2022 அக்டோபரில் உயர்ரக சிப்புகளும் அவற்றைச் செய்யும் கருவிகளும் சீனாவுக்குப் போகாதபடி அமெரிக்கா கட்டுப்பாடு போட்டது. அதே ஆண்டு தைவானும் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியது. முக்கியத் தொழில்நுட்ப ரகசியத்தை வெளிநாட்டுக்குக் கொடுத்தால் 12 ஆண்டு வரை சிறை. நல்ல சம்பளம், ஆலோசகர் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம் என்று லிங்க்ட்இன்னில் யாராவது இனிக்க இனிக்கப் பேசினால், அந்த நிறுவனத்துக்கு யார் பணம் போடுகிறார்கள் என்று தெரியாமல் ஒரு வரைபடம்கூட அனுப்பாதீர்கள். தெரியாமல் செய்தேன் என்று பிறகு சொல்வதை யார் கேட்பார்கள்?

உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது, தைவான் வசமிருக்கும் கின்மென் தீவுக்குப் போய் வாருங்கள். கடற்கரையில் நின்றால் எதிரே சீனாவின் சியாமென் நகரத்துக் கோபுரக் கட்டடங்கள் தெரியும். மணலில் படகுகளைத் தடுக்க நட்ட இரும்புத் தண்டவாளங்கள் துருப்பிடித்து இன்னும் சாய்ந்து நிற்கின்றன. 1958 ஆகஸ்ட் 23இல் தொடங்கி 44 நாளில் சீனா சுட்ட ஏறக்குறைய 4,70,000 குண்டுகள் அந்தச் சின்னத் தீவில் விழுந்தன. அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று முறை வைத்துச் சுட்டார்கள், பிரசாரத் தாள்களை உள்ளே வைத்து. அது நின்ற நாள் 1979 ஜனவரி 1, அமெரிக்காவும் சீனாவும் தூதரக உறவு தொடங்கிய அதே நாள். அங்கே ஒரு கொல்லர் பட்டறையில் அந்தக் குண்டுகளின் இரும்பு உறையை வெட்டிக் கத்தி அடிக்கிறார்கள். துண்டைச் செங்கல் நிறத்துக்குக் காய்ச்சி, இயந்திரச் சுத்தியலின் கீழ் திருப்பித் திருப்பிப் பிடித்தார் அந்த மனிதர். அவர் அடித்துத் தந்த கத்தியில்தான் எங்கள் வீட்டில் இன்றும் காய் நறுக்குகிறோம். குண்டு விழுந்த காலத்தில் நிலவறையில் பள்ளிப்பாடம் படித்த பாட்டி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு வேர்க்கடலை உரித்துக் கொடுத்தார்.

அம்மாவிடம் பேச வேண்டுமென்றால் என்னைச் சேர்த்து ஒரு வீடியோ அழைப்பு போடுங்கள், நானே சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் ஆய்வுத் தலைப்பு என்ன, ஆய்வகத்துக்கு நிதி எந்த நிறுவனத்திடமிருந்து வருகிறது என்று பேராசிரியரிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.