மகன் பழைய நீர்மூழ்கியில்: மன்னார்குடி அண்ணனுக்கு

அண்ணா, 1980களில் கட்டிய டீசல் நீர்மூழ்கியில் மகனைப் போட்டிருக்கிறார்கள், தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். நானும் திருவாரூர்ப் பக்கம்தான். உங்கள் பயம் புரிகிறது. ஆனால் வயதை மட்டும் பார்க்காதீர்கள். நம் ஆயில் எஞ்சினைப் பிரித்து மாட்டுவதுபோல, அதையும் சில வருடத்துக்கு ஒருமுறை கரையேற்றிப் பிரித்துப் பார்ப்பார்கள். டன் கணக்கில் எடையுள்ள பேட்டரிகளையே மொத்தமாக மாற்றிவிடுவார்கள். மாற்ற முடியாதது உடம்புதான். மூழ்கும்போது கடல் எஃகை நெருக்கும், எழும்போது விடும். வெல்டிங் இணைப்புகள் அதில்தான் களைக்கும். அதனால் அவற்றைத் தனியாகச் சோதிப்பார்கள். நம் கடற்படையின் சிந்துத்வஜ் என்ற நீர்மூழ்கி 1987 முதல் 2022 வரை 35 வருடம் பணியில் இருந்தது. 1969இல் சேர்ந்த குர்சுரா 2001இல் ஓய்வுபெற்று, இப்போது விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. சம்பா அறுவடை முடிந்ததும் அண்ணியோடு போய் உள்ளே நடந்து பாருங்கள்.