யானையையும் செவ்வரத்தையையும் ஒப்பிடும் ஒப்படை குறித்து

வணக்கம் ஐயா. திருகோணமலையில் எட்டாம் தரத்தில் கற்கும் உங்கள் மகள், அருகிவரும் காட்டு யானையையும் வீட்டு முற்றத்துச் செவ்வரத்தையையும் ஒப்பிடும் ஒப்படையில், “ஒன்று பெரிது, மற்றது சிறிது” என்பதற்கு அப்பால் செல்ல முடியாமல் நிற்பதாக எழுதியிருந்தீர்கள். உருவத்தை விட்டுவிட்டு, இனப்பெருக்கத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

பெண் யானை ஏறத்தாழ 22 மாதங்கள் கருவைச் சுமந்து, பெரும்பாலும் ஒரேயொரு கன்றை ஈன்று, அதனைச் சில ஆண்டுகள் வளர்த்த பின்னரே மீண்டும் ஈனுவதனால், கந்தளாய்ப் பக்கம் ரயிலில் மோதுண்டோ சட்டவிரோத மின்கம்பியில் சிக்கியோ இறக்கும் ஒவ்வொரு யானையின் இழப்பும் ஈடாவதற்கு நெடுங்காலம் செல்லும். ஆசிய யானை 1986 முதல் ஐ.யூ.சி.என். எனும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அருகிவரும் இனமாக இருப்பதற்கு வாழிட இழப்புடன் இந்த மெதுவான பெருக்கமும் சேர்ந்துகொள்கிறது.

செவ்வரத்தைப் பூவோ பெரும்பாலும் ஒரு நாளில் வாடிவிடும். நம் முற்றங்களில் அது காய்ப்பதும் அரிது. ஆயினும் வெட்டிய தண்டொன்றை ஈரமண்ணில் ஊன்றினால் புதுச் செடி கிடைத்துவிடுகிறது. (இதனை மகளே செய்து, துளிர்க்கும் நாளைக் குறித்துக்கொண்டால் ஒப்படைக்கு இன்னும் வலுச் சேரும்.)

ஒற்றுமைகளைச் சுருக்கமாக எழுதினாற் போதும்: இரண்டின் கலங்களிலும் கலத்தைக் கட்டுப்படுத்தும் கருவும், சக்தியை வெளிவிடும் இழைமணியும் உண்டு; இரண்டும் சுவாசிக்கின்றன. கலச்சுவரும், ஒளியைக்கொண்டு உணவு தயாரிக்கும் பச்சையவுருமணியும் செவ்வரத்தைக்கு மட்டுமே உரியவை.