தாத்தா ஏன் முறைக்கிறார்? மொரீஷியஸ் தமிழர் வீட்டுப் பழைய புகைப்படங்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (ரோஸ் ஹில்): அண்ணா, 1870 வாக்கில் எடுத்த படத்தில் எங்கள் கொள்ளுத்தாத்தா கடுகடுவென்று இருக்கிறார். அவ்வளவு துயரமா?

பதில்: அப்படி முடிவு கட்டாதீர்கள் தம்பி. அன்றைய ஈரத்தட்டு முறையில், அதாவது மருந்து பூசிய தட்டை ஈரம் காயுமுன் கேமராவில் வைக்கும் முறையில், படம் விழ, சில நொடிகள் ஆடாமல் இருக்க வேண்டும். தலை அசையாதபடி பின்னால் ஓர் இரும்புக் கவட்டை முட்டுக் கொடுத்திருப்பார்கள். சில படங்களில் அதன் அடிப்பாகம் செருப்புக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும். அவ்வளவு நேரம் சிரிப்பைப் பிடித்து வைக்க யாரால் முடியும்?

கேள்வி (போர்ட் லூயிஸ்): மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவன ஆவணத்தில் கிடைத்த படத்தில் தாத்தா வெறித்துப் பார்க்கிறார். வீட்டுப் படத்திலோ கோட்டும் கடிகாரச் சங்கிலியுமாகக் கம்பீரம். எது உண்மையான தாத்தா?

பதில்: படத்துக்கு ஆசைப்பட்டது யார் என்று முதலில் கேளுங்கள். 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூலி ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியத் தொழிலாளர்கள் படம் ஒட்டிய சீட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். சீட்டில்லாமல் அகப்பட்டால் நாடோடி என்று பிடித்துக்கொண்டு போவார்கள். இந்தக் கொடுமையை எதிர்த்து 1871-ல் 9,401 பேர் மனுக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே விசாரணைக் குழு வந்தது. அந்த முதல் படம் போலீஸ்காரர் பார்ப்பதற்காக எடுத்தது. வெறித்த பார்வையை அவருடைய குணமாக எண்ணிவிட வேண்டாம்.

இரண்டாவது படத்துக்குக் காசு கொடுத்தவர் அவர். கோட்டு ஸ்டூடியோவுடையதாக இருக்கலாம். தோள் தையல் கீழே இறங்கியிருக்கிறதா, கை நீண்டு விரலை மூடுகிறதா என்று பாருங்கள். இரவல் கோட்டு என்று தெரிந்தாலும் வருத்தப்படாதீர்கள். பேரப்பிள்ளைகள் தன்னை இப்படிப் பார்க்க வேண்டும் என்று அவரே எடுத்த முடிவு அது. எனக்கு இந்தத் தாத்தாதான் பிரியமானவர்.

கேள்வி (அதே வீட்டுப் பெண்): பாட்டி கறுப்புப் புடவையில் இருக்கிறார். துக்கமா?

பதில்: நம்மிடம் துக்கத்துக்குக் கறுப்பு ஏது அம்மா, வெள்ளைதானே! அக்கால மருந்து நீலத்தைத்தான் நன்றாகப் பிடிக்கும். சிவப்பும் மஞ்சளும் இருண்டுவிடும். அரக்குப் புடவையாகவே இருந்திருக்கும். மஞ்சள் பூசிய முகமும் உள்ளதைவிடக் கறுப்பாகத் தெரியும். நீலம் வெளுத்துப்போகும். படத்தை வைத்துப் பாட்டியின் நிறத்தைச் சொல்லவே முடியாது.

கேள்வி (கியூர்பீப்): எங்கள் அம்மாச்சிக்கு முந்தானை வலது தோளில் கிடக்கிறது. மூக்குத்தியும் இடம் மாறியிருக்கிறது. வேறு ஊர் வழக்கமா?

பதில்: படத்தின் பின்புறம் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்புத் தகட்டுப் படம். அதில் இடமும் வலமும் மாறித்தான் விழும். சரி, அப்புறம் அதைக் கண்ணாடி முன்னால் பிடியுங்கள். அன்றைக்கு அம்மாச்சி எப்படி உட்கார்ந்திருந்தாரோ அப்படியே தெரிவார்.