சிவப்புச் சோப்புக்கு ஏன் வெள்ளை நுரை?

கேள்வி: சிவப்பு நிறச் சோப்பைத் தேய்த்தாலும், பச்சை நிறத் திரவச் சோப்பைக் கலக்கினாலும் எழும் நுரை வெள்ளையாகவே இருக்கிறதே! அதிலுள்ள சாயம் எங்கே போய்விடுகிறது?

பதில்: எங்கும் போவதில்லை; நுரைக்குள்ளேயேதான் இருக்கிறது. ஆனால் நுரை என்று நாம் கையில் அள்ளுவதில் பெரும்பகுதி காற்று. அந்தக் காற்றைச் சின்னஞ்சிறு அறைகளாகத் தடுத்து நிற்கும் நீர்ச்சுவர்களில் மட்டுமே சாயம் இருக்கிறது.

ஒரு திரவம் சிவப்பாகத் தெரிய வேண்டுமானால், வெள்ளொளியிலுள்ள மற்ற நிறங்களைச் சாயம் உறிஞ்சிக்கொள்ளும் அளவுக்கு ஒளி அத்திரவத்தினூடே போதிய தொலைவு சென்றாக வேண்டும். குமிழின் சுவர் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமன் உடையது என்று வைத்துக்கொண்டால், நூறு சுவர்களைத் தாண்டி வந்த ஒளிகூட மொத்தத்தில் 0.1 மில்லிமீட்டர் திரவத்தையே கடந்திருக்கும். கிண்ணத்தில் நல்ல சிவப்பாக நிற்கும் சோப்புநீரைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகத் தடவிப் பாருங்கள். சிவப்பு இருப்பதே தெரியாது.

அப்படியானால் நுரை கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிய வேண்டியதுதானே என்று கேட்பீர்கள், நியாயமான கேள்விதான். ஒளி காற்றிலிருந்து நீருக்குள் நுழையும்போதும், நீரிலிருந்து காற்றுக்கு வெளியேறும்போதும், நேராக விழுவதில் ஏறத்தாழ 2 சதவீதம் திரும்பிவிடுகிறது. சாய்ந்து விழுந்தால் இன்னும் கூடும். ஒற்றைக் குமிழில் இது ஒரு பொருட்டன்று. ஆயிரக்கணக்கான குமிழ்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் நுரையிலோ, ஒளி சுவருக்குச் சுவர் பட்டுத் திசைமாறி, கடைசியில் பெரும்பாலும் வந்த பக்கமே வெளியேறுகிறது. எல்லா நிறங்களும் ஏறக்குறையச் சமமாகத் திரும்புவதால் கண்ணுக்கு அது வெண்மையாகிறது. கண்ணாடியைப் பொடித்தால் வெண்பொடியாவதும் இதனால்தான். சிவப்பு விளக்கொளியில் நுரையும் சிவப்பாகவே தோன்றும். வெண்மை அதன் சொந்தச் சொத்தன்று.

தனிக் குமிழில் தெரியும் வானவில் நிறங்கள், சுவரின் இருபுறமிருந்தும் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வருபவை. நுரையில் சுவர்களின் தடிமன் பலவாறாக இருப்பதால் அவை கலந்து மறைந்துவிடுகின்றன.

நுரை என்றாலே வெள்ளைதான் என்று முடிவுகட்டிவிடவும் வேண்டாம். பால் கலக்காத காபியின் நுரை பழுப்பாக இருக்கிறது. சோப்புநீரில் மையைத் தாராளமாக ஊற்றினால் நுரையிலும் நீலம் ஏறும். உங்கள் சிவப்புச் சோப்பிலேயே, நுரைத்தவுடன் அதன் அடிப்பகுதியை உற்றுப் பார்த்தால், நீர் வடியாத தடித்த சுவர்கள் இருக்கும் அந்த இடத்தில் இளஞ்சிவப்புச் சாயல் தென்படக்கூடும். நீர் வடிய வடிய அது வெளுக்கும்; பிறகு குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிச் சுவர்களின் எண்ணிக்கை குறையும்போது அந்த வெண்மையும் மங்கிவிடும். நுரை முழுவதும் அடங்கியபின் கிண்ணத்தின் அடியில் தேங்கும் சில துளிகள் பழைய சிவப்பிலேயே இருக்கும்.